கடாரத்தின் கரையில்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நாங்கள் நால்வர் கூடி ஒரு விளையாட்டு ஆடுவோம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அடுத்து என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கதை சொல்லும் வேலை என்னுடையது.

வீடு என் வழக்கறிஞர் நண்பனுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், பல தலைமுறையாக அதே வட்டாரம். கிள்ளானிலிருந்து வரும் தோழி ஷா ஆலமில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். நான்காமவன் சுங்கை வேயில் என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்யும் மலாய் நண்பன், கெடா மாநிலத்துக்காரன். அவனுக்குத் தமிழ் தெரியாததால் மேசைப் பேச்சு பெரும்பாலும் மலாயில்தான் ஓடும்.

டிராகன்களும் கோட்டைகளும் சலித்துப்போன ஒரு நாள், நம் பக்கத்துச் சரித்திரத்திலிருந்து ஒரு காலத்தை எடுப்போம் என்றேன்.

"கடாரம்தான், வேற என்ன?" என்றான் வழக்கறிஞன். "சோழர் கப்பற்படை. நான் தளபதி."

எனக்கும் உடம்பு சிலிர்த்தது. தமிழ்ப் பள்ளியில் அந்தப் பாடம் வரும்போது நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். மற்ற பாடங்களிலெல்லாம் நாங்கள் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டவும் தண்டவாளம் போடவும் அழைத்து வரப்பட்டவர்கள். அந்த ஒன்றில் மட்டும்தான் நாங்களாகவே கப்பலேறி வந்திருந்தோம்.

"அப்ப நான் யாரு?" என்று கேட்டான் கெடா நண்பன். அன்றைய கடாரம்தான் அவனுடைய கெடா.

"நீயும் எங்க படையில இரு லா," என்றான் வழக்கறிஞன்.

"எங்கம்மா இன்னும் அந்தக் கடாரத்து ஆத்துப் பக்கம்தான் இருக்காங்க. என் வீட்டை நானே போய்க் கொளுத்தணுமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆயிரம் வருஷத்துக் கதை, பாஸ்," என்றான் வழக்கறிஞன்.

"சரி, அப்ப நீ கரையில நில்லு. நான் கப்பல்ல வரேன்."

வழக்கறிஞன் தேநீர் போட எழுந்து போனான். ஒரு காலத்தைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாய்மரம், யானை, முரசு என்று மனத்தில் எல்லாம் ஓடியது. கரையில் நின்று அதையெல்லாம் பார்த்தவர்கள் ஒருவரும் அதில் வரவில்லை.

"எல்லாருமே கரையில நிப்போம்," என்றாள் தோழி.

அப்படியே முடிவாயிற்று. கடாரத்துத் துறைமுகத்தில் தமிழ் வணிகர்களும் வாழ்ந்ததாகப் படித்திருந்தேன். வழக்கறிஞன் அங்கே கிடங்கு வைத்திருக்கும் வியாபாரியானான். கெடா நண்பன் துறைமுகத் தலைவன். தோழி இரு மொழியும் தெரிந்த ஒரு பெண்.

"ஆபீஸ்லயும் இதே வேலை, இங்கயும் இதேவா?" என்று வழக்கறிஞன் கிண்டலடித்தான்.

"அங்க ஒரு வார்த்தைகூட மாத்த முடியாது. இங்க மாத்தலாம்ல?"

சில வாரங்கள் கழித்துக் கதையில் கப்பல்கள் வந்தன. படையின் தூதனாக நான் வேண்டுமென்றே தமிழில் மட்டும் பேசினேன்: "கருவூலத்தைத் திறந்துவிடு. திறந்தாலும் ஊர் எரியும். திறக்காவிட்டால் ஒருவர்கூட மிஞ்சமாட்டீர்கள்."

கெடா நண்பன் தோழியின் பக்கம் திரும்பினான். "என்ன சொல்றான்?"

கீழே சாலையில் யாரோ விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் மலாயில் சொன்னாள்: "கருவூலத்தைத் திறந்தா ஊருக்கு ஒண்ணும் ஆகாதாம்."

வழக்கறிஞன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். வியாபாரியாக அவனும் அந்த இடத்தில்தான் நின்றிருந்தான். ஆனாலும் அவளைத் திருத்தவில்லை.

தலைவன் கருவூலத்தைத் திறந்தான். வீட்டுக்குள் பத்திரமாக இருங்கள் என்று ஊர் மக்களுக்குச் சொல்லி அனுப்பினான். அடுத்து நான் தீயைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

"ஒண்ணும் ஆகாதுன்னானே?" என்றான் கெடா நண்பன்.

"அவன் சொல்லல," என்றாள் தோழி. "நான்தான் சொன்னேன். உன் முகத்தைப் பார்த்துக்கிட்டு அதைச் சொல்ல முடியல."

அவன் கோபப்படவில்லை. மெல்லத்தான் சொன்னான்: "சொல்லியிருந்தா பிள்ளைங்களையாவது மலைக்கு அனுப்பியிருப்பேன்." பிறகு வழக்கறிஞனிடம், "உனக்கும் புரிஞ்சிச்சுல்ல?" என்றான்.

"புரிஞ்சிச்சு," என்றான் வழக்கறிஞன். "அவ சொன்னதே நிஜமா இருந்துடக்கூடாதான்னு இருந்திச்சு."

அன்று ஆட்டம் அதோடு நின்றது. தோழியை நான்தான் ரயில் நிலையம் வரை கொண்டுபோய் விட்டேன். "கோர்ட்ல எவ்வளவு கொடுமையா இருந்தாலும் அப்படியே சொல்லிடுவேன்," என்றாள் வழியில். "கேக்குறவங்களை எனக்குத் தெரியாதுல்ல, அதனாலதான் முடியுது போல."

கெடா நண்பன் இனி வரமாட்டான் என்று பயந்தேன். அந்த வாரம் தொழிற்சாலை கேண்டீனில் தட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தான்.

"அந்த ஊர்ல யாராச்சும் பிழைச்சிருப்பாங்கல்ல?"

"நீயே சொல்லு."

"பிழைச்சிருக்கணும். இல்லாட்டி நான் எங்கேருந்து வந்தேன்?" என்றவன், மீனிலிருந்து முள்ளை எடுத்தபடி, "அங்கேருந்து ஆரம்பி," என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து ஆரம்பித்தேன். எரிந்த ஊரில் கூரையில்லாதவர்களுக்கு வியாபாரி தன் கிடங்கைத் திறந்துவிட்டான். துறைமுகத் தலைவன் உள்ளே வர மறுத்தான். அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து, தூதன் சொன்னதை ஒரு சொல் விடாமல் அவனுக்கு மலாயில் சொன்னாள். அவன் முழுவதையும் கேட்டான். பிறகு பிள்ளைகளை மட்டும் உள்ளே அனுப்பினான். அவன் உள்ளே போக எங்கள் ஆட்டத்தில் பல ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.