சால்மனுக்குக் கரைத்த புளி

மீன் பிடிக்கப் போனால் சமைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு. டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் என் அறையில் இருந்த அண்ணை, தொழிற்சாலையில் எங்களோடு நின்ற டேனிஷ்காரன் ஆற்றுக்குக் கூப்பிட்டதும், புளி கரைத்துப் போத்தலில் ஊற்றி, கறித்தூளும் சட்டியுமாகக் காரில் ஏறிவிட்டார். எனக்கும் வாயூறியது.

மத்தியானம் அண்ணையின் தூண்டிலில் ஒரு சால்மன் மாட்டியது. நீளமான மீன், ஆனால் வயிறு ஒட்டிக் கிடந்தது. முட்டையிட்டு மெலிந்து கடலுக்குத் திரும்புகிற மீனாம், கொல்லக்கூடாதாம். டேனிஷ்காரன் தண்ணீரில் இறங்கி, முள்ளைக் கழற்றி, அதன் தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சு வந்ததும் அது வாலை உதறிக்கொண்டு போனது.

“வாயைக் கிழிச்சு, இழுத்தடிச்சுப்போட்டு விடுறதோ? என்ரை மனுசியின்ரை விசயமும் இப்பிடித்தான்,” என்றார் அண்ணை.

“அவவையும் ஒருநாள் இஞ்சை வர விடுவாங்கள் அண்ணை.”

“ஓம், விடுவாங்கள்.” சிரித்துக்கொண்டே புளியை ஆற்றில் ஊற்றினார்.

அவர் மனைவி யாழ்ப்பாணத்தில் இருந்தார். இங்கே வந்து சேரச் சட்டப்படி உரிமை இருந்தது. ஆனால் அந்த நாட்களில் தமிழ் அகதிகளான எங்கள் குடும்பங்களின் விண்ணப்பங்களை அரசின் மேலிடத்தில் அப்படியே கிடப்பில் போட்டிருந்தார்கள். மறுத்திருந்தாலாவது சண்டை பிடித்திருக்கலாம். கேட்கும்போதெல்லாம் பொறுங்கள் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

குளிர்காலத்தில் வீட்டின்மேல் ஷெல் குண்டு விழுந்து அவர் மனைவி செத்துப்போனார். தொழிற்சாலைக்குத்தான் ஃபோன் வந்தது. அண்ணை கதைத்துவிட்டுத் திரும்பி வந்து மெஷினடியில் நின்றார்.

பிறகு விண்ணப்பங்களைக் கிடப்பில் போட்ட விசயம் பத்திரிகைகளில் நாறியது. அனுமதிகள் மளமளவென்று வந்தன. அண்ணையின் மனைவிக்கும் வந்தது.

அந்தக் கிழமை டேனிஷ்காரன் இரக்கப்பட்டு மறுபடி எங்களை ஆற்றுக்கு அழைத்துப் போனான். சட்டியும் புளியும் இல்லாமல் போனோம். இந்தமுறை மீன் அவனுடைய தூண்டிலில். அதே மெலிந்த வகை. விளையாட்டுக் குஷியில் அதை நெடுநேரம் ஓடவிட்டு இழுத்தான். பிறகு தண்ணீரில் இறங்கித் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மீன் அசையவில்லை. வாயைத் திறந்து பார்த்தான், முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தான். அது செத்துவிட்டிருந்தது.

அவனுக்கு வெட்கமாகிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மீனை அண்ணையிடம் நீட்டினான். “எடுத்துக்கொண்டு போங்கள், நான் யாருக்கும் சொல்லமாட்டேன்,” என்றான் டேனிஷில்.

“இப்பவோ?” என்றார் அண்ணை தமிழில்.

மீனை வாங்கவில்லை. காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.