முனி ஏறிப்போன லாரி

எழுதத் துணிந்ததற்கு முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். எங்கள் கம்பத்து, அதாவது கிராமத்து, வாலிபர்கள் நம் மலையின் வரலாறும் வளர்ச்சியும் பற்றி ஒரு மலர் போடுகிறார்களாம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதித்தர வேண்டுமாம். எனக்கு வரலாறு எழுத வராது. இந்த வளைவில் வண்டிகள் ஏன் நின்றன என்பது மட்டும் தெரியும். அதையும் வெகுகாலம் தப்பாகத்தான் தெரிந்து வைத்திருந்தேன்.

இன்று வளைவில் பஸ் நிற்கிறது. பள்ளிக்கூடம் இருக்கிறது, கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அருவி பார்க்க வருகிறவர்களின் கார்களை நிறுத்த இடம் போதவில்லை. நான் சொல்லும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் இங்கே ஒரு கல்லும் ஒரு குடிசையும்தான் இருந்தன. கல் முனீஸ்வரர். குடிசை என் தாய்மாமாவுடையது.

முதலில் இந்த மலைக்கு ஈயம் தேடிச் சீனர்கள் வந்தார்கள் என்பார்கள். பிறகு காட்டை அழித்துக் காப்பி போட்டார்கள். காப்பி சரிவரவில்லை என்று ரப்பர் போட்டார்கள். ரப்பரைக் கீழே கொண்டுபோக வேண்டும் என்றுதான் ரோடு வந்தது. தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம். ரயிலும் ஆஸ்பத்திரியும் உள்ள பத்து காஜா டவுன் இந்தப் பக்கம். ரோடு வருவதற்கு முன் நோயாளியைப் போர்வையில் கட்டி, மூங்கிலில் தொங்கவிட்டுத் தூக்கிப் போவார்களாம். சிலரைப் பாதி வழியிலேயே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அந்த ரோட்டுக்குக் கல் உடைத்தவர்களில் மாமாவும் ஒருவர். வேலை முடிந்ததும் ரோடு பார்க்கும் ஆளாக அவரையே வைத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கத்து ஏற்றமும் வந்து முடிகிற உச்சி வளைவில் அவர் குடிசை போட்டார். ஒரு கல்லை நட்டுச் சிவப்புத் துணி கட்டி, பக்கத்தில் சூலம் குத்தினார். பின்னாலிருந்த ஓடையிலிருந்து மூங்கில் குழாய் வைத்துத் தண்ணீரும் கொண்டுவந்தார்.

முனி பொல்லாதவர் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. எந்த வண்டியாக இருந்தாலும் வளைவில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, ஒரு சுருட்டு வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நிறுத்தாமல் போனால் முனி விடமாட்டார். இதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஈப்போ பட்டணத்திலிருந்து அருவி பார்க்க வரும் வெள்ளைக்காரர்களின் மோட்டார்கள்கூட வளைவுக்கு வந்ததும் முக்கி முனகி நின்றுவிடும். முன்பக்கத்திலிருந்து புகை குபுகுபுவென்று கிளம்பும். அது முனி விடுகிற சுருட்டுப் புகை என்று நான் நினைத்தேன். மாமா மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் கொண்டுபோய் வண்டிக்கு ஊற்றுவார். அது முனிக்குச் செய்யும் அபிஷேகம். ஏற்றத்தில் எஞ்சின் கொதித்துப்போகும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

வண்டி நின்றால் ஆட்கள் இறங்குவார்கள். இறங்கியவர்களுக்குத் தாகம் எடுக்கும், பசிக்கும். மாமா வாழைப்பழமும் தேங்காயும் வாங்கிவைத்து விற்க ஆரம்பித்தார். தோட்டத்து லாரி ஓட்டுகிற அண்ணன் மட்டும் அவரைச் சீண்டாமல் போகமாட்டார்.

"என்னா மச்சான், சாமி வண்டிய நிப்பாட்டுது, நீ பழத்த விக்கிற. கூட்டு வியாபாரமாலா?"

"ஒனக்கென்னாலா வயித்தெரிச்சல்? போறப்ப ஒரு சீப்பு வாங்கிட்டுப் போ" என்பார் மாமா.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது அம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. என்னைக் கொண்டுவந்து மாமாவிடம் விட்டார்கள். மறுநாள் காலையிலும் குழந்தை பிறக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள், லாரியில் ஏற்றுகிறார்கள் என்று தோட்டத்திலிருந்து ஒருவர் குறுக்குப்பாதையில் ஓடிவந்து சொன்னார். ரோட்டில் மண் சரிந்திருக்கிறதா என்று மாமா பார்த்துவைக்க வேண்டுமாம்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாமா மண்வெட்டியோடு ஓடினார். நான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, தட்டில் ஒரு தேங்காயும் சுருட்டும் எடுத்துவைத்துக்கொண்டு வளைவில் போய் நின்றேன். அம்மாவுக்காக முனியை நானே வேண்டிக்கொள்ளலாம் என்று நினைப்பு.

லாரி வந்தது. அன்று ரப்பர் ஏற்றவில்லை. தார்ப்பாய்க்குக் கீழே அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது. வளைவில் லாரி வேகம் குறைந்தது. நான் தட்டை நீட்டினேன். அப்போது மாமா நடுரோட்டிலிருந்து இரண்டு கைகளையும் வீசிக் கத்தினார்.

"நிக்காதே! போ, போ! நிப்பாட்டாதே!"

லாரி என் மேல் சேற்றை அடித்துவிட்டுப் போய்விட்டது.

அம்மா இனி திரும்பி வரமாட்டாள் என்று தீர்மானமாகத் தெரிந்தது. ஊரார் வண்டியையெல்லாம் நிறுத்துகிற மாமா, கூடப்பிறந்த அக்காவின் வண்டியை நிறுத்தவிடாமல் விரட்டிவிட்டாரே! நான் கல்லுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். கஞ்சிக்குக் கூப்பிட்டார், போகவில்லை. தூக்க வந்தார், கையைக் கடித்தேன். கடைசியில் அவரும் மழையில் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"நீ ஏன் அழுவுற பாப்பா? முனிதான் வண்டில ஏறிட்டாரே. நீ பாக்கலியா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"வண்டி மெல்லப் போச்சுல்ல? அப்ப ஏறிட்டாரு. ஒங்கம்மாகூட ஆஸ்பத்திரி வரைக்கும் போறாரு. ஏறுனவருக்கு எதுக்கு வண்டி நிக்கணும்?"

நான் சுலபத்தில் ஏமாறுகிறவள் இல்லை. "சுருட்டு இங்கயே இருக்கு. சுருட்டு இல்லாம எப்புடிப் போவாரு?" என்று கேட்டேன்.

மாமா தலையைச் சொறிந்தார். "புள்ளத்தாச்சி படுத்திருக்கா. பக்கத்துல ஒக்காந்து பொக விடலாமா? மனுசனுக்கே தெரியும், சாமிக்குத் தெரியாதா?"

அது நியாயமாகப் பட்டது. "அப்ப இங்க யாரு காவல்?"

"நான் இருக்கேன்ல. எந்திரி, கஞ்சி ஆறுது."

போய்க் குடித்தேன். குடித்துவிட்டுச் சாக்குக்குள் சுருண்டு தூங்கியும் விட்டேன்.

விழித்தபோது மழை விட்டு வெயில் அடித்தது. மாமா குடிசையில் இல்லை. முனி இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க நான் கல்லுக்குப் பின்பக்கம் போனேன். அங்கே தேங்காய்ச் சில்லுகள் குவிந்து கிடந்தன. குடிசை மூலையில் மூட்டையாக இருந்தவை எல்லாம் உடைந்து கிடந்தன. ஓடைப்பக்கமிருந்து மாமா வந்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"எதுக்கு மாமா இத்தன தேங்கா?"

"சட்னிக்கு" என்றார்.

இவ்வளவு சட்னியை யார் தின்பது என்று யோசித்தேனே தவிர, வேறு ஒன்றும் தோன்றவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் மலைக்குக் கீழே லாரிச் சத்தம் கேட்டது. மாமா வளைவுக்கு ஓடவில்லை. குடிசைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். நான்தான் ஓடினேன். அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு லாரி தள்ளாடி ஏறி வந்தது. மூட்டைகளின் மேல் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை.

லாரி வளைவில் நின்றது. முன்பக்கம் புகை கிளம்பியது. லாரிக்கார அண்ணன் தலையை வெளியே நீட்டினார்.

"மச்சான்! மருமவன் பொறந்துட்டான்லா! அக்கா நல்லா இருக்கு. வயிறு பசிக்குதுன்னு புருசன வெரட்டுது. என்னா செல மாதிரி நிக்கிற? தண்ணி ஊத்து, வண்டி வெந்துபோவுது!"

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் தகரத்தை இழுத்துப் போனேன். புகையைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மாமா! முனி எறங்கிட்டாரு! சுருட்டு பத்த வச்சுட்டாரு!"

"ஆமா பாப்பா, காலையிலேருந்து குடிக்காம இருந்தாருல்ல" என்று சொல்லி மாமா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

லாரிக்கார அண்ணன் இறங்கி வந்து, "நல்ல சேதி கொண்டாந்திருக்கேன், ஒரு தேங்கா குடு, ஒடச்சிட்டுப் போறேன்" என்றார்.

"தேங்கா இல்லலா."

"சாமி கடையில தேங்கா இல்லியா? எல்லாத்தையும் வித்துட்டியா? மழையில எவன்லா வந்தான்?"

சட்னிக்கு என்று நான்தான் சொன்னேன். அண்ணன் மாமாவைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். அன்றைக்கு அவர் மேற்கொண்டு சீண்டாமலே வண்டியை எடுத்துப் போனார். அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அருவி பார்க்க ஈப்போவிலிருந்து மோட்டார்கள் வந்தன. எல்லாம் வளைவில் நின்றன. தேங்காய் இல்லாததால் மாமா தண்ணீர் மட்டும் ஊற்றினார்.