தோற்காத கொடியவனும் எங்கள் வடக்கு வேலியும்

என் மனைவி ஒரு கொடியவனை விரும்பிப் படிக்கிறாள் என்பதை அறிந்த நாளில் மூண்ட சினம் எனக்கு இன்னும் முற்றாக ஆறவில்லை.

முகம் பார்த்துக் கதைப்பதற்கென்று கனடாவிலிருந்து மகன் அனுப்பிய கைக்கணினியில், சமையற்கட்டாகிய குசினியின் வாசலில் அமர்ந்து அவள் இணையத் தொடர்கதை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். அயல்மொழியில் எழுதப்பட்டு, கணினியால் தமிழாக்கப்பட்ட கதை. 'வாள் அழுதாள்', 'தாய் வந்தான்' என்று திணையும் பாலும் அறியாது தள்ளாடும் அம்மொழியைக் கண்டதுமே நெஞ்சு எரிந்தது. கதை அதனினும் கொடிது. இறந்துபோன ஒருவன், மாய உலகமொன்றில், கொடுங்கோல் இளவரசன் ஒருவனின் உடலிற் கண்விழிக்கிறான். திருந்துவான் என்று அவள் தோளுக்கு மேலாற் படித்தபடி காத்திருந்தேன். திருந்தவில்லை. வாயிற்காவலன் அரைக்கண்ணால் நோக்கினான் என்பதற்காக ஒரு மாளிகையையே சாம்பலாக்குகிறான். எவராலும் அவனை வெல்ல இயலாது. அத்தியாயந்தோறும் அவன் வலிமை ஏறுகிறது, செருக்கும் ஏறுகிறது.

"உதெல்லாம் ஒரு கதையோ? அறம் எண்டு ஒண்டு வேண்டாமோ?" என்று இரைந்தேன்.

"கோயில்லை அசுரனுக்குப் பயன் சொல்லேக்கை மட்டும் என்ன குரல் எடுக்கிறியள்! அவன் கடைசியிலை தோற்பான் எண்டு எனக்கு முதலே தெரியும். உந்த இளவரசன் தோற்கமாட்டான். அதுதான் வாசிக்கிறன். சும்மா இருங்கோ."

சண்டிலிப்பாயில் எங்கள் கோயிலிற் புராணம் படிக்கையில், ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் அதன் பொருளை அவையோர்க்கு விரித்துரைப்பார். அவ்வுரையையே பயன் என்போம். நெடுங்காலமாகப் பயன் சொல்பவன் நான். ஆகவே அவள் சொல் சுட்டது.

அந்த அவையில் முன்வரிசையில் அமர்ந்து, அசுரன் வீழுமிடத்தில் கண்ணீர் உகுப்பவர் ஒருவர் உளர். நெற்றி நிறைந்த நீறு, குழைந்த குரல். எங்கள் வீட்டு நிலத்துக்கு வடக்கே அடுத்த வளவுக்காரர் அவரே. இரு வளவுகளுக்கும் இடைப்பட்ட வேலியை அடைக்கும் பொறுப்பு அவருடையது. அடைக்குந்தோறும், வேலிக்கம்பாக ஊன்றியவற்றுள் பட்டுப்போன கிளுவைக் கதியால்களைப் பிடுங்கிவிட்டுப் புதியவற்றை ஒரு சாண் எங்கள் பக்கந் தள்ளி நடுவார். நான் இன்சொல்லால் எடுத்துரைப்பேன். அவர் கைகூப்புவார். வேலி மட்டும் மீளாது.

இவ்வாண்டு அவர் இரும்பு அலவாங்கால் தோண்டிய குழிகள் எங்கள் பலாமரத்துக்கு இப்பால் இருந்தன. கதியால் ஊன்றி ஓலை கட்டிவிட்டால் மரம் அவருடையதாகிவிடும். வளவு என் மனைவியின் சீதனம். மரம் அவள் கன்றாக நட்டது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து நாங்கள் மீண்டபோது, கூரையற்ற வீட்டின் அருகே உயிரோடு நின்றது அது ஒன்றுதான்.

சால்வையைத் தோளிலிட்டுச் சென்றேன். எல்லை அறிந்தொழுகுதலின் மாண்பை எடுத்துரைத்தேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"ஐயா, நீங்கள் கதைச்சால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனா படிச்ச மனிசர், ஒரு சாண் நிலத்துக்கு மனம் நோகலாமோ? எல்லாம் ஆண்டவன்ரை நிலம்தானே." சொல்லியவாறே முதற் கதியாலைக் குழியில் இறக்கினார்.

அப்போது என் மனைவி கைக்கணினியை மின்னேற்றத்தில் இட்டுவிட்டு வந்தாள். விரைவில்லை. குழிக்கு முன்னால் நின்றாள்.

"பிடுங்கு."

"அக்கா, என்னக்கா, ஒருத்தற்றை முகத்தை ஒருத்தர் பாக்கிற நாங்கள்..."

"அக்கா எண்டாதை. பிடுங்கு. இல்லாட்டி நான் பிடுங்கி என்ரை அடுப்புக்கை வைப்பன்."

அவர் கண்கள் கலங்கின. கோயிலிற் கலங்கும் அதே கண்கள்.

"அசுரனுக்கு அழுத கண்ணீர் மிச்சம் கிடக்கோ? அழு. அழுதுகொண்டே பிடுங்கு."

அவர் என்னை நோக்கினார். கற்றவன் மனைவியை அடக்குவான் என்ற நம்பிக்கை அப்பார்வையில் இருந்தது. "ஐயா, நீங்களாவது ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

என் வாழ்நாளில் நான் சொன்னவற்றுள் மிகச் சுருங்கிய பயன் அதுதான்.

"அவ பிடுங்கு எண்டால், பிடுங்கு எண்டுதான் பயன்."

கதியால் வெளியே வந்தது. குழிகளை நானே மண்ணிட்டு மூடி, சால்வையும் மண்ணாக, மிதித்து இறுக்கினேன்.

மாளிகையை எரித்தவனை நான் மன்னிக்கவில்லை. அவன் கதை இழிந்ததே. அதன் தமிழ் அதனினும் இழிந்ததே. ஆயினும் அவன் தன் கொடுமையைக் கூரை ஏறிக் கூவுகிறான். நீறு பூசிக் கைகூப்பிச் சாண் சாணாக நகர்ந்தவனுக்கு அந்த நேர்மைகூட இல்லை. அவனைத்தான் நான் ஆண்டுதோறும் முன்வரிசையில் இருத்தி அறம் உரைத்தேன்.

மாலையில் அவள் மீண்டும் குசினி வாசலில் அமர்ந்துவிட்டாள்.

"இப்ப என்ன செய்யிறான் உவன்?" என்றேன், சினம் குறையாமலே.

"ஒரு மலையைப் பிளக்கிறான். தள்ளி நில்லுங்கோ, வெளிச்சம் மறைக்குது."

தள்ளி நின்றேன். அங்கிருந்து பார்க்க, பலாமரம் எங்கள் வளவுக்குள் நின்றது.