பேனர் வைத்த பிறகு

செலியமேடு பஸ் நிறுத்தத்தில் சித்தப்பா எனக்குப் பேனர் வைத்தபோது நான் ஒரு தடவைகூடத் தனியாக விமானம் ஓட்டியதில்லை. ‘எங்கள் மண்ணின் முதல் விமானி’ என்று போட்டு, யாரோ ஒரு கேப்டனின் உடம்பில் என் தலையை ஒட்டியிருந்தார். தோளில் நான்கு பட்டை. எனக்கு அரைப் பட்டைகூடக் கிடையாது. விடுமுறைக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதைப் பார்த்துவிட்டுப் பையால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

“இன்னாடி, நம்ம வூட்டு மேல எப்ப பறக்கப்போற?” என்றார் சித்தப்பா. பக்கத்து வயலில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுக் கையாட்டினார்கள். எரிச்சலாக வந்தது. தரையிறக்கும் சோதனையில் இரண்டு முறை தோற்றிருக்கிறேன் என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது? மூன்றாவதும் போனால் பயிற்சிப் பள்ளியிலிருந்து மூட்டை கட்ட வேண்டியதுதான்.

என் கோளாறு எனக்கே தெரியும். இறங்கும்போது உயரமோ வேகமோ சரியில்லை என்றால் மறுபடி மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றிவிட்டு வர வேண்டும். அதைத்தான் நான் செய்யமாட்டேன். எங்கள் வீட்டில் கிளம்பியவர்கள் திரும்பி வந்தால் ஆகாது. பர்ஸை மறந்துவிட்டு வந்தால்கூட, அம்மா உட்காரவைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவாள். முன்வைத்த காலைப் பின்வைக்காதே என்று கேட்டு வளர்ந்தவள், ஓடுபாதையைக் கண்ணால் பார்த்த பிறகு எப்படித் திரும்புவாள்? இரண்டு முறையும் விமானத்தைத் தரையில் போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது சோதனை. பயிற்சியாளர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். நான் மிக உயரமாக வந்துவிட்டேன். திரும்பினால் தோல்விதான் என்று தோன்றியது. ஊரே பேனருக்குக் கீழே நின்று சிரிப்பதுபோல் இருந்தது. மூக்கைக் கீழே அழுத்தினேன். ஓடுபாதை வேகமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. செத்துப்போவேன் என்று நிஜமாகவே பயந்தேன். ஊருக்குப் பயந்ததையெல்லாம் அந்தப் பயம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. முழு விசையும் கொடுத்து மேலே ஏற்றினேன். ஒரு சுற்று வந்து, ஒழுங்காக இறக்கினேன்.

பயிற்சியாளர் கதவைத் திறந்து இறங்கினார். “பாஸாயிட்ட. இப்ப நீ மட்டும் ஒரு ரவுண்டு போய்ட்டு வா,” என்றார்.

காலி இருக்கையை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி விசையைக் கொடுத்தேன். எப்படிப் போனேன், எப்படி வந்தேன் என்று இன்றுவரை கோர்வையாகச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். “தனியாவா? எவ்ளோ ஒசரம்மா?” என்று அவரும் சித்தப்பாவும் மாற்றி மாற்றிக் கத்தினார்கள். பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. “எறங்கிட்டாளான்னு கேளுங்க.”

“எறங்கிட்டேம்மா.”

அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்தது. அப்பாதான் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “நீ அங்க சேந்ததுலேர்ந்து ப்ளேன் சத்தம் கேட்டாலே உங்கம்மா காதைப் பொத்திக்கினு உள்ள போயிடுவாம்மா. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா.”