தட்டினால்தான் வண்டி வெளிக்கிடும்

ஆசுப்பத்திரியில இருந்து போன் வரேக்க நான் கேம்ப்சைட்டில டொய்லெட் பெட்டியைக் கழுவிக்கொண்டு நிண்டனான். எங்களைப் போல வண்டியை வீடாக்கி இருக்கிற ஆக்களுக்கு அது என்ன வேலை எண்டு தெரியும். மற்ற ஆக்களுக்குச் சொல்லுறன்: வண்டிக்குள்ள இருக்கிற கக்கூசுக்கு அடியில ஒரு பெட்டி இருக்கும். அதை வெளியால இழுத்தெடுத்து, கொண்டுபோய் ஊத்திக் கழுவவேணும். போன் பொக்கற்றுக்குள்ள அடிச்சு நிண்டுது. நான் கிளவுசைக் கழட்டி, கை கழுவித் துடைச்சுப்போட்டுத் திருப்பி எடுத்தனான். நர்ஸ் என்ர பேரைக் கேட்டா. எங்க நிக்கிறன் எண்டு கேட்டா. பக்கத்தில ஆரும் இருக்கினமோ எண்டு கேட்டா. அந்தக் கேள்வியோட எனக்கு விளங்கிட்டுது.

அண்டு விடிய என்ர மனிசி தர்சினிதான் ஆசுப்பத்திரிக் கட்டிலில இருந்து என்னைக் கலைச்சு விட்டவ. "பெட்டி நிரம்பியிருக்கும், போய்ப் பாருங்கோ. எனக்கும் ஒரு மாத்து உடுப்பு எடுத்துக்கொண்டு வாங்கோ" எண்டு சொன்னவ. செய்தியைக் கேட்டுப்போட்டு நான் பெட்டியின்ர மூடியைப் பூட்டினன். கழுவுற இடத்துக்குத் தண்ணி அடிச்சன். பெட்டியைக் கொண்டுபோய் அதின்ர இடத்தில தள்ளிப்போட்டுத்தான் டாக்சிக்கு அடிச்சனான். பின்னால வாறவை பாவம், ஊத்தையா விட்டிட்டுப் போகக்கூடாது எண்டு அவ எப்பவும் சொல்லுறவ. வேற ஒண்டும் அந்த நேரம் மூளையில வரேல்லை. உடுப்பையும் எடுத்துக்கொண்டுதான் போனனான்.

செத்தவீட்டில என்னைக் கதைக்கச் சொல்லிக் கேட்டவை. எனக்கு ஏலேல்லை. அதுதான் இப்ப எழுதுறன், எங்கட வண்டிக் குரூப்புக்கும், தர்சினியை அறிஞ்ச மற்ற ஆக்களுக்கும்.

நாங்கள் ரெண்டு பேரும் ஹவுன்ஸ்லோவில ஒரு வாடகை பிளாட்டில இருந்தனாங்கள். அவ எயார்போட்டில செக்கின் கவுண்டரில வேலை. நான் லிப்ட் திருத்துறன். பிளாட்டை விக்கப்போறன், எழும்புங்கோ எண்டு வீட்டுக்காரன் சொன்ன நேரம், வேற வீடு பாக்கிறதை விட்டிட்டு ஒரு பழைய மோட்டர்ஹோம் வாங்குவம் எண்டது அவவின்ர யோசினை. வேலை நாளில லண்டனுக்குப் பக்கத்துக் கேம்ப்சைட், லீவு கிடைச்சால் காடு, மலை எண்டு போறது. அவவின்ர தமையன் ரவி மச்சான் கேட்டுப்போட்டுக் கொதிச்சுப்போனார்.

"இந்த நாட்டுக்கு வந்து ஒரு வீடெடுக்க நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியும். நீ என்னெண்டால் ரோட்டில இருக்கப்போறாய்."

"ரோட்டில இல்லை அண்ணை," எண்டு தர்சினி சொன்னவ. "ரோட்டுக்கு மேல. நாலு சில்லில."

மச்சானுக்குச் சிரிப்பு வரேல்லை. அவ உயிரோட இருந்த காலத்தில ஒரு நாளும் அவர் எங்கட வண்டிக்குள்ள கால் வைக்கேல்லை.

குணம் அண்ணையையும் ராணி அக்காவையும் நாங்கள் நியூ பொரஸ்டில கண்டது. அவை டூட்டிங்கில கடை வைச்சிருந்து, அதைப் பிள்ளையளிட்டக் குடுத்திட்டு, வருசத்தில பாதியை வண்டியில கழிக்கிற ஆக்கள். அங்க காட்டுக் குதிரையள் தங்கட பாட்டில திரியும். அதில ஒண்டு எங்கட கதவுக்குள்ள தலையை விட்டுப் பாண் துண்டை இழுத்துக்கொண்டு போட்டுது. நான் ஆங்கிலத்தில கத்த, பக்கத்து வண்டிக்குள்ள இருந்து ஒரு பொம்பிளைக் குரல் தமிழில கேட்டுது: "அதுக்குப் பாண் குடுக்காதேங்கோ தம்பி, பிறகு முட்டைச் சம்பலும் கேக்கும்." அதுதான் ராணி அக்கா. அண்டைக்குத் தொடங்கினது. பிறகு ஒவ்வொரு வண்டியாச் சேர்ந்து, இப்ப குரூப்பில நீங்கள் எல்லாரும் இருக்கிறியள்.

அந்த முதல் நாள் பின்னேரம்தான் தோசைச் சட்டிக் கதையும் நடந்தது. வண்டியை ஒரு இடத்தில விட்டால் முதல் வேலை அதைச் சமமா நிப்பாட்டுறது. இல்லாட்டி நித்திரை வராது, பிரிட்ஜும் வேலை செய்யாது. நான் போனில லெவல் பாத்து, சில்லுக்குக் கீழ கட்டை வைச்சுச் சரியாக்குவன். தர்சினி போனை நம்பமாட்டா. தோசைச் சட்டியை அடுப்பில வைச்சு எண்ணெய் விடுவா. எண்ணெய் நடுவில நிண்டால் வண்டி சரி. ஒரு பக்கம் ஓடினால், "இன்னுமொரு கட்டை வையுங்கோ" எண்டு ஜன்னலால சொல்லுவா. கன மாசம் இப்பிடித்தான் ஓடினது. அண்டைக்குக் குணம் அண்ணை அந்தச் சட்டியை வாங்கி மேசையில வைச்சுப் பாத்தார். சட்டி ஆடிச்சுது. அடி நெளிஞ்ச சட்டி. அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். "பிள்ளை, இங்கிலாந்து முழுக்க நீங்கள் சரிஞ்சு படுத்திருக்கிறியள்."

"அதுக்கென்ன அண்ணை," எண்டு தர்சினி சொன்னவ, "தோசை வட்டமாத்தானே வந்தது."

சட்டியை அவ மாத்தேல்லை. பிறகும் அந்தச் சட்டியிலதான் பாத்தவ.

தட்டுற பழக்கம் வந்தது பீக் டிஸ்ட்ரிக்டில. இப்ப எல்லாருக்கும் அது பழகிப்போச்சு. ஆனால் எப்பிடித் தொடங்கினது எண்டு பிறகு சேர்ந்த ஆக்களுக்குத் தெரியாது. அண்டு நல்ல மழை. நான் அவசரத்தில வண்டியை எடுத்திட்டன். கேம்ப்சைட்டில இருந்து வண்டிக்குக் கறண்ட் எடுக்கிற வயர் இன்னும் போஸ்டில கொழுவினபடி இருந்தது. வயர் இழுபட்டு, அறுந்து, போஸ்டும் ஒரு பக்கம் சாஞ்சு போச்சு. "கறண்ட் வேலை படிச்ச தம்பி வயரோட வெளிக்கிட்டிட்டான்" எண்டு குணம் அண்ணை ஊரெல்லாம் சொன்னவர். தர்சினி சிரிக்கேல்லை. லிப்ட் வேலையில ஒரு சட்டம் இருக்கு. ஒராள் லிப்டுக்கு மேல நிண்டு வேலை செய்தால், மற்றாள் பாத்துச் சொல்லாமல் ஆரும் அதை அசைக்கக்கூடாது. நான் எப்பவோ சாப்பிடேக்க சொன்ன கதை அது. அவ அதை மறக்கேல்லை.

"வேலையில இருக்கிற சட்டம் எங்களுக்கு இல்லையோ? ஓடுறவருக்குத் தன்ர வண்டி கண்ணில தெரியாது. வெளியில நிக்கிற ஆள் சுத்திப் பாக்கவேணும். எல்லாம் சரியெண்டால் பின்பக்கத்தில ரெண்டு தரம் தட்டவேணும். தட்டுக் கேட்டால்தான் வண்டி வெளிக்கிடும்."

அண்டையில இருந்து அவதான் தட்டுற ஆள். எங்கட வண்டியைத் தட்டிப்போட்டு ஓடி வந்து ஏறுவா. உங்கட வண்டியளையும் தட்டினவ. படி உள்ளுக்குப் போட்டுதோ, வயர் கழட்டியாச்சோ, காஸ் பூட்டியாச்சோ, மேல் ஜன்னல் சாத்தியாச்சோ எண்டு பாத்துப்போட்டுத்தான் தட்டுவா. நாயோட தனியத் திரியிற ஒரு வெள்ளைக்காரக் கிழவன், தனக்கும் தட்டிவிடச் சொல்லி எஞ்சினைப் போட்டுக்கொண்டு காத்து நிண்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "கோயில் மணி மாதிரி ஆக்கிப்போட்டாய் பிள்ளை" எண்டு குணம் அண்ணை பகிடி பண்ணுவார். ஆனால் அவரும் தட்டாமல் ஒரு நாளும் வெளிக்கிடமாட்டார்.

லேக் டிஸ்ட்ரிக்டில ஒரு காலமை அவ இடக்கையால தட்டினவ. நான் கண்ணாடியில பாத்தனான். ஒண்டும் யோசிக்கேல்லை. ராணி அக்காதான் என்னைத் தனியக் கூப்பிட்டு, "தம்பி, பிள்ளையின்ர வலக்கை தூக்குப்படேல்லை, கவனிச்சனீரோ?" எண்டு கேட்டவ. தலையிடி எண்டு அவ முந்தியே சொன்னவதான். ஷிப்ட் வேலை, நித்திரை காணாது எண்டு ரெண்டு பேரும் நினைச்சனாங்கள். லண்டனுக்குத் திரும்பி வந்து ஸ்கேன் எடுத்தம். மூளைக்குள்ள கட்டி. டாக்குத்தர் படத்தைத் திரையில போட்டுக் காட்டினார். எனக்குப் படம் பாத்துப் பழக்கம், வயரிங் படம், மோட்டர் படம். ஒரு இடத்தில பழுது எண்டால் அந்த இடத்தை மாத்தலாம். அந்தப் படத்தில எதை மாத்திறது எண்டு கேட்டன்.

சிகிச்சைக்காலம் முழுக்க வண்டி ஆசுப்பத்திரிக்குக் கிட்டடிக் கேம்ப்சைட்டில நிண்டுது. தன்ர வீட்டை வந்து இருக்கச் சொல்லி ரவி மச்சான் கேக்காத நாளில்லை. அவ மாட்டன் எண்டிட்டா. தமையனோட கோவம் இல்லை. "அங்க போனால் நான் வருத்தக்காரி, நோயாளி. இங்க எண்டால் வண்டிக்காரி." அவ்வளவுதான் சொன்னவ.

கடைசியா ஒரு தரம் எல்லாரும் வேல்ஸ் மலைக்குப் போனது உங்களுக்குத் தெரியும். கன பேர் வேலைக்கு லீவு போட்டு வந்தனீங்கள். அவவால நடக்க ஏலாது. கதிரையை ஜன்னல் பக்கம் திருப்பி வைச்சுக்கொண்டு மலையைப் பாத்துக்கொண்டு இருந்தவ. மலையில செம்மறியளும் மழை முகிலும்தான். வெளிக்கிடுற அண்டு, தான் தட்டவேணும் எண்டு ஒரே பிடிவாதம். சில்லுக் கதிரையில வைச்சுக் குணம் அண்ணையின்ர வண்டிக்குப் பின்னால கொண்டுபோய் விட்டன். அவ கையை ஓங்கினவ. கை வண்டியில பட்டுது, சத்தம் வரேல்லை. குணம் அண்ணை அசையேல்லை. எஞ்சின் இரைஞ்சுகொண்டு நிண்டுது.

"தட்டியாச்சு அண்ணை, போங்கோ" எண்டா அவ.

"எனக்குக் கேக்கேல்லை பிள்ளை."

நான் கைகாட்டினன், போங்கோ எண்டு. அவர் போகேல்லை. எஞ்சினை நிப்பாட்டினார். ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். அந்த இடம் முழுக்க அமைதியாப் போச்சு. நீங்கள் எல்லாரும் அவரவர் வண்டிக்குப் பக்கத்தில நிண்டனீங்கள்.

"இப்ப தட்டு" எண்டார்.

அவ தட்டினவ. கதவில நகம் படுற அளவு சத்தம். "கேட்டுது பிள்ளை" எண்டு சொல்லிப்போட்டு அவர் ஸ்டார்ட் பண்ணினார். அந்த மனிசன் திரும்பிப் பாக்காமல் போனவர். போற வழியில ரோட்டோரம் கார் நிப்பாட்டுற இடத்தில வண்டியை விட்டிட்டு அழுதவர் எண்டு ராணி அக்கா பிறகு சொன்னவ.

செத்தவீடு முடிஞ்ச கையோட வந்த பிரச்சினையையும் சொல்லத்தான் வேணும். படம் வைச்சு, முப்பத்தொராம் நாள் காரியம் வரைக்கும் விளக்கு நூராமல் எரியவேணும். எங்க வைக்கிறது? ரவி மச்சான் தன்ர வீட்டில எண்டார். ஐயரும் இருந்த வீட்டில வைக்கவேணும் எண்டுதான் சொன்னார், பிறகு, "வீடு எது?" எண்டு என்னட்டக் கேட்டார். செத்தவீட்டுக்கெண்டு குணம் அண்ணை ஓட்டிக்கொண்டு வந்து மச்சானின்ர வீட்டு வாசலில விட்ட வண்டியை நான் காட்டினன். மச்சானுக்கு முகம் மாறிப்போச்சு. "செத்த பிறகாவது அவளை ஒரு வீட்டுக்குள்ள இருக்க விடு" எண்டார். குணம் அண்ணைதான் கதைச்சவர். பெரிசாக் கதைக்கேல்லை.

"ரவி, பிள்ளை இருந்த வீடு இது. ஐயரைப் படியால ஏறி வரச் சொல்லு, தலையைக் கொஞ்சம் குனியச் சொல்லு."

ஐயர் குனிஞ்சு ஏறினார். விளக்கு வண்டிக்குள்ளதான் எரிஞ்சுது. நான் காஸ் சிலிண்டரைக் கழட்டி வெளியால வைச்சன். சமையல் எப்பிடியும் இல்லை, சாப்பாடு மச்சானின்ர வீட்டில இருந்து வந்தது. ஒரு நாள் பின்னேரம் சாப்பாட்டை அவரே கொண்டு வந்தார். வாசலில நிண்டு தரேல்லை. ஏறி உள்ளுக்கு வந்து, அவ இருக்கிற இடத்தில இருந்தார். படத்தைப் பாத்தார். கொஞ்ச நேரத்தால கேட்டார், "ஏன் இந்த வண்டி ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது?" நான் சட்டிக் கதையைச் சொன்னன். அவர் சட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துக்கொண்டே இருந்தார். போகேக்க வண்டியை வித்துப்போடு எண்டு சொல்லேல்லை. அதுக்கு முதல் ஒவ்வொரு நாளும் சொன்னவர்.

முப்பத்தொண்டும் முடிஞ்சுது. நியூ பொரஸ்டில எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வைச்சிருக்கிறதா ராணி அக்கா குரூப்பில எழுதினவ. நான் பதில் போடேல்லை. காரணம் இதுதான். வண்டியில ஒரு பழுதும் இல்லை. பற்றரி சரி, டயர் சரி. ஏறி இருந்து ஸ்டார்ட் பண்ணுறன். பிறகு காத்துக்கொண்டு இருக்கிறன். பின்னால சத்தம் வரேல்லை. நிப்பாட்டிப்போட்டு இறங்கிறன். இவ்வளவு நாளும் இதுதான் நடந்தது. பைத்தியம் எண்டு நினைச்சாலும் பரவாயில்லை.

அவவின்ர உடுப்பு ராணி அக்காவோட போட்டுது. நகை தர்சினியின்ர அம்மாவிட்ட. என்னட்ட இருக்கிறது நெளிஞ்ச சட்டியும், அதுக்கேத்த சரிவும். ஒரு நாள் போனில பாத்து வண்டியைச் சமமாக்கிப் படுத்தன். நித்திரை வரேல்லை. எழும்பிக் கட்டையை எடுத்துப்போட்டன். அதோட அந்தச் சட்டமும் என்னட்ட இருக்கு. என்ர வண்டி என்ர கண்ணில தெரியாது. வெளியில ஒராள் நிக்கவேணும்.

போன சனிக்கிழமை காலமை எஞ்சினைப் போட்டபடி இருக்கிறன், ரவி மச்சான் வேலைக்குப் போற உடுப்போட வெளியால வந்தார். எதும் பழுதோ எண்டு கேட்டார். இல்லை எண்டன். ஜன்னலடியில நிண்டுகொண்டே என்னைப் பாத்தார். தட்டுற கதையைச் சொன்னன், முழுக்கச் சொன்னன். அவர் வண்டியைச் சுத்தி நடந்தார். படி? உள்ளுக்கு எண்டார். வயர்? கழட்டியாச்சு. மேல் ஜன்னல் எது எண்டு கேட்டார், காட்டினன். பிறகு பின்பக்கத்தில இருந்து அவரின்ர குரல் வந்தது.

"எங்க தட்டவேணும்?"

"எங்க எண்டில்லை மச்சான். எனக்குக் கேட்டால் காணும்."

கேட்டுது. அண்டைக்கு ரோட்டு முடியிற இடம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தனான். ராணி அக்கா, எனக்கு வைச்ச இடத்தை ஆருக்கும் குடுக்காதேங்கோ, வாறன். லெவல் பாக்க வரவேண்டாம் எண்டு குணம் அண்ணையிட்டச் சொல்லுங்கோ. வண்டி கொஞ்சம் சரிஞ்சுதான் நிக்கும்.