பூட்டிய வீட்டு அக்கா

எங்கள் ஊர் நரிக்குறவர் குடியிருப்பில் வீடு வீடாக இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுப்பது என் வேலை. பாசிமாலை விற்கும் ஓர் அக்காவின் வீடு மட்டும் மூன்று மாதமாகப் பூட்டியே கிடந்தது. எரிச்சலில், ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன்.

பிறகு விராலிமலைத் தேரன்று, மருத்துவ முகாமில் இருந்த என்னிடம் அவரே வந்தார்.

“மாத்திரைய ஏங்க்கா விட்டீங்க?” என்று கடிந்தேன்.

சுருக்குப்பையிலிருந்து காலி மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். “நான் விடலம்மா, தீந்துபோச்சு. திருவிழா திருவிழாவாப் போனாத்தான் எங்களுக்குச் சோறு. போற ஊர்ல இந்த அட்டையக் காட்டாத ஆஸ்பத்திரியில்ல. ஒங்க ஊர்லயே வாங்கிக்கன்னுட்டாங்க.”

அழுத்தம் பார்த்தேன். பயப்படும் அளவுக்கு ஏறியிருந்தது. அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார்.

இப்போதெல்லாம் மாத்திரையை எண்ணுமுன் கேட்டுவிடுகிறேன்: “அடுத்து எந்தத் திருவிழாக்கா? திரும்பி வர எத்தன நாளாகும்?”