பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார்

திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் இன்று ஒரு கொலை விழும் என்றே முதலில் நம்பினேன். என்னைத் துணைக்கு அழைத்து வந்து அருகே நிற்கும் நண்பர் செல்வம், இங்கே போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் கொழும்புத் தமிழர். தமிழர் வீடுகளைக் கொளுத்திய கலவரத்தில் இவர் ஓடிப்போய்த் தட்டியும் கதவைத் திறக்காத சிங்களப் பக்கத்து வீட்டுக்காரர் இந்த விமானத்தில் வருகிறாராம். கேட்டதும் நான் நைசாகத் தூணுக்குப் பின்னால் நகர்கிறேன். நாளைக்குச் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்களே என்று மூக்குக்கண்ணாடியையும் கழற்றிவிடுகிறேன்.

"அண்ணை, அந்த மனுசனும் அண்டைக்கு இப்பிடித்தான் ஒளிச்சு நிண்டவர், கேட்டோ!" என்று செல்வம் சிரிக்கிறார்.

அசடு வழிய அவர் பக்கத்தில் வந்து நிற்கிறேன்.

வெளியே வந்த கிழவர் செல்வத்தைப் பார்த்ததும் தட்டுத்தடுமாறிய தமிழில், "நான் கதவு தொறக்கல்ல" என்கிறார்.

"ஓம், திறக்கேல்லை" என்று சொல்லி, செல்வம் அவர் பெட்டியை வாங்கிக்கொள்கிறார். மூவரும் செல்வம் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறோம்.